விழித்திரையும் மூளை நலமும்

(உடன்குடியில் நடைபெற்ற முதியோர் கண் பரிசோதனை முகாமின் நிறைவில், அழைப்பின்பேரில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மைக் காலமாக முகாம்களில் பலரும் ஒரு வினாவைக் கேட்கின்றனர். "கண்ணைப் படம் பிடித்தால், பின்னாளில் மறதி நோய் வருமா, கை நடுக்கம் வருமா என்று சொல்லிவிடலாமாமே, உண்மைதானா?" என்பதே அவ்வினா. கைப்பேசியில் வரும் செய்திகள் இந்த எதிர்பார்ப்பை ஊட்டியிருக்கின்றன. அவை முற்றிலும் பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல. எது உண்மை, எது இன்னும் உண்மையாகவில்லை, அதுவரை நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இவ்வினா நம் வீடுகளைத் தொடும் வினா. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் பணிபுரிய, முதியோர் மட்டும் ஊரில் தங்கியிருக்கும் இப்பகுதியில் இந்நோயைக் காலத்தே கண்டறிவது மேலும் கடினமாகிறது.

மூளையின் வெளிப்புற வாயில்

கண்ணுக்கும் மறதிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். தாயின் கருவில் நான்காம் வாரத்தில், முன்மூளையாக வளரவிருக்கும் பகுதியிலிருந்து இரு பக்கமும் இரண்டு மொட்டுகள் புறப்படுகின்றன. அவையே விழித்திரையாகவும் பார்வை நரம்பாகவும் வளர்ச்சி பெறுகின்றன. ஆகவே விழித்திரை, மூளையோடு பின்னர் இணைக்கப்பட்ட தனி உறுப்பன்று. மூளையிலிருந்து முளைத்து வந்த பகுதியே அது.

விழித்திரையின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அதற்குள் நரம்பணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவற்றிலிருந்து புறப்படும் பத்து, பன்னிரண்டு லட்சம் நரம்பிழைகள் ஒன்றுசேர்ந்து பார்வை நரம்பாகி மூளைக்குள் செல்கின்றன. மூளையை மண்டையோடு மூடி மறைத்திருக்கிறது. விழித்திரையையோ கண்மணியின் வழியே நேராகக் காணலாம். மூளையைச் சார்ந்த நரம்புத் திசுவையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கத்தி வைக்காமல் காண உடலில் நமக்குக் கிடைத்திருக்கும் இடம் இது ஒன்றே.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழியின் உட்புறத்தைக் காணும் கருவியை 1851-இல் உலகுக்கு அறிவித்தார். பின்னர் புகைப்படக் கருவிகள் வந்தன. 1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சார்ந்த குழுவினர் ஓசிடி என்னும் முறையை அறிமுகப்படுத்தினர். கண்ணுக்குள் மெல்லிய ஒளியைச் செலுத்தி, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று கணக்கிட்டு, விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் முறை அது. தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றத்தைக்கூட அதனால் அளக்க இயலும். ஊசி இல்லை, எக்ஸ் கதிர் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆய்வுகள் கண்டது என்ன?

அல்சைமர் நோயால் இறந்தோரின் பார்வை நரம்பை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், அதில் நரம்பிழைகள் பெரிதும் குறைந்திருப்பதை 1986-இல் வெளியிட்டனர். மூளையில் நிகழும் சிதைவு கண்ணிலும் தடம் பதிக்கிறது என்ற எண்ணத்துக்கு அது வலுவூட்டியது. உயிரோடு இருப்பவரின் விழித்திரை அடுக்குகளை அளக்கும் வசதி ஓசிடியால் கிடைத்தபின், அல்சைமர் நோயாளரிடம் நரம்பிழை அடுக்கு சராசரியாக மெலிந்திருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டின.

இவ்வரலாற்றில் நம் அடுக்களையைச் சேர்ந்த பொருள் ஒன்றுக்கும் இடமுண்டு. அது மஞ்சள். அல்சைமர் நோயில் மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் திட்டுத் திட்டாகப் படிகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் அப்படிவில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் இயல்புடையது. அதைப் பயன்படுத்தி, விழித்திரையிலும் அத்தகைய படிவுகள் இருப்பதை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சீடர்ஸ் சினாய் மருத்துவ மையத்தினர் 2011-இல் எடுத்துரைத்தனர். இதைக் கேட்டுவிட்டு மஞ்சளை அள்ளி உண்ணத் தொடங்க வேண்டாம். அல்சைமர் நோயாளருக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பயன் ஏதும் தென்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் சாயமாகப் பயன்படும் பொருள் மருந்தாகவும் பயன்படும் என்று கொள்வதற்கில்லை.

அடுத்தது பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம். இந்நோயில் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. விழித்திரையிலும் டோபமின் சுரக்கும் அணுக்கள் உள்ளன. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் 1,54,830 பேருடைய கண் பதிவுகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 700 பேருக்கு நடுக்குவாதம் இருந்தது. அவர்களின் விழித்திரையில் உள்ளடுக்குகள் இரண்டு மெலிந்திருந்தன. பின்னர், பரிசோதனை வேளையில் அந்நோய் இல்லாதிருந்த 67,311 பேரின் பதிவுகளையும் பார்த்தனர். அவர்களுள் பிற்காலத்தில் 53 பேருக்கு நோய் வந்தது. நோய் கண்டறியப்படுவதற்குச் சராசரியாக ஏழு ஆண்டுகள் முன்னரே அவர்களின் விழித்திரையில் மாற்றத்தின் சாயல் தெரிந்தது. 2023-இல் வெளிவந்த இந்த ஆய்வே நீங்கள் கைப்பேசியில் காணும் செய்திகள் பலவற்றுக்கும் ஊற்றுக்கண்.

இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கும் சிறிதன்று. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988 முதல் திருநெல்வேலியிலும் இயங்கி வருகிறது. சென்னை சங்கர நேத்ராலயா 1978-இல் தோன்றியது. சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைக் கணினியே கண்டறியும் முறையைக் கூகுள் நிறுவனத்தார் உருவாக்கி 2016-இல் வெளியிட்டபோது, அமெரிக்கப் படங்களோடு இவ்விரு மருத்துவமனைகளின் படங்களும் பெங்களூரு நாராயண நேத்ராலயாவின் படங்களும் கணினியைப் பழக்கப் பயன்பட்டன. தாமிரபரணிக் கரையிலும் வைகைக் கரையிலும் கண் காட்ட வந்த எளிய மக்களால் வளர்ந்த மருத்துவமனைகள் உலக மருத்துவத்துக்குக் கைகொடுத்திருக்கின்றன என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

2018-இல் அதே துறையினர் மற்றொன்றையும் காட்டினர். விழித்திரைப் படத்தை மட்டும் கொண்டு ஒருவருடைய வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் கணினி பெருமளவு சரியாகச் சொன்னது. பல்லாண்டு அனுபவம் உள்ள கண் மருத்துவராலும் படத்தைப் பார்த்து ஆண் பெண் வேறுபாட்டைச் சொல்ல இயலாது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத குறிப்புகள் அப்படத்தில் உள்ளன என்பது அதனால் உறுதியாயிற்று.

ஏன் இன்னும் பரிசோதனையாகவில்லை?

இவ்வளவும் தெரிந்திருக்க, இன்று எடுத்த படத்தைப் பார்த்து உங்களுக்கு முடிவு சொல்ல நான் ஏன் முன்வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கூட்டத்தாரின் சராசரியைச் சொல்வது வேறு. தனி ஒருவரின் வருங்காலத்தைச் சொல்வது வேறு. உயரமானோர் சராசரியாக எடை மிகுந்தோர் என்பது உண்மையே. அதனால் ஒருவரின் உயரத்தைக் கேட்டு அவர் எடையைச் சரியாகச் சொல்லிவிட முடியுமா?

விழித்திரை அடுக்கு மெலிவதற்குக் காரணங்கள் பல. வயது ஏறினால் மெலியும். கண் அழுத்த நோயில் மெலியும். கிட்டப்பார்வை மிகுந்தவரிடம் பிறரைவிட மெலிந்து காணப்படும். சர்க்கரை நோயிலும் மாறும். மெலிவைக் கண்டவுடன் மறதி நோய் என்று முடிவு கட்டினால் பெரும் பிழை நேரும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஓர் ஊரில் முதியோர் 1,000 பேர் இருக்கின்றனர். அவர்களுள் 20 பேருக்குச் சில ஆண்டுகளில் நோய் வரப்போகிறது என்று கொள்வோம். நம் பரிசோதனை நோய் வரவிருப்போரில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாகக் காட்டும். நோய் வராதோரில் நூற்றுக்கு 10 பேரைத் தவறாகக் காட்டும். இது நல்ல பரிசோதனை என்றுதான் தோன்றும். கணக்கிட்டால், வரவிருக்கும் 20 பேரில் 16 பேரை அது கண்டுபிடிக்கும். வராத 980 பேரில் 98 பேரையும் நோயாளர் என்று சொல்லிவிடும். அச்சத்தோடு வீடு திரும்பும் 114 பேரில் 98 பேருக்கு நோயே வராது! மூர்ஃபீல்ட்ஸ் ஆய்விலும் 67,311 பேரில் நோய் வந்தோர் 53 பேரே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நோய் அரிதாக வரும் கூட்டத்தில் சிறு பிழையும் பலரை வருத்தும்.

ஆகவே "கண்ணைப் படம் பிடித்து மறதி நோயைக் கண்டறிகிறோம், இத்தனை ரூபாய்" என்று எவரேனும் இன்று விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். மறதி நோயை இன்றும் மருத்துவர் நோயாளரோடும் குடும்பத்தாரோடும் பேசி, நினைவாற்றலைச் சோதித்து, இரத்தப் பரிசோதனையும் மூளைப் படமும் பார்த்தே முடிவு செய்கிறார். அல்சைமர் நோயைக் கண்டறிய உதவும் முதல் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2025 மே மாதத்தில் அனுமதி அளித்தது. அதுவும் 55 வயதுக்கு மேற்பட்டு, அறிகுறி உடையவர்களுக்கே உரியது. கண்படமும் ஒருநாள் இவற்றுக்குத் துணையாக வரக்கூடும். எக்ஸ் கதிரோ பெரிய செலவோ இல்லாமல் சிற்றூரிலும் செய்யத்தக்கது அது என்பதால், நம்மைப் போன்ற ஊர்களுக்கு அந்த நாள் மிகவும் பயன்தரும்.

இன்றே செய்யத்தக்கவை

அந்த நாள் வரும்வரை கண் பரிசோதனையால் மூளைக்குப் பயனில்லை என்று எண்ணிவிட வேண்டாம். இன்றே பயன் உண்டு. அவற்றுள் நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, கண்புரை. மறதி நோய்க்குக் காரணமாகும் மாற்றத்தக்க கூறுகள் 14 என்று லான்செட் ஆய்வுக்குழு 2024-இல் பட்டியலிட்டது. கவனிக்காமல் விடப்பட்ட பார்வைக் குறைவு அப்பட்டியலில் புதிதாகச் சேர்ந்தது. அமெரிக்காவில் கண்புரை உள்ள முதியோர் 3,000-க்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அறுவை செய்துகொண்டோரிடம் மறதி நோய் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. அறுவைதான் நோயைத் தடுத்தது என்று இதைக்கொண்டு அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும் பார்வை மங்கினால் படிப்பு நிற்கிறது, நடமாட்டம் குறைகிறது, மனிதரோடு பேசுவதும் குறைகிறது. மூளைக்கு வேலையே இல்லாமற் போகிறது. "இந்த வயசுக்கு மேல எனக்கு எதுக்கு ஆபரேசன்?" என்று ஆச்சி சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, சர்க்கரை நோய். அது விழித்திரையின் குழாய்களையும் சிதைக்கும். மூளையின் நுண்குழாய்களையும் சிதைக்கும். விழித்திரைப் படத்தில் இரத்தக் கசிவு தெரிந்தால், உடலின் பிற இடங்களிலும் கவனம் வேண்டும் என்று அது எச்சரிக்கிறது. இவ்வூரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையேறும் தொழிலாளரின் உழைப்புக்குக் கிடைத்த மதிப்பு அது. ஆனால் "கருப்பட்டி தின்றால் சர்க்கரை ஏறாது" என்ற நம்பிக்கை தவறானது. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் சர்க்கரையே. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சில தாதுப்புகள் அதில் இருக்கலாம். இரத்தத்தில் சர்க்கரையை அது ஏற்றவே செய்யும். சர்க்கரை நோய் உள்ளவர் கருப்பட்டிக் காப்பியையும் அளந்தே அருந்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, புலால் மறுத்து வாழும் உங்கள் குடும்பங்களுக்குச் சிறப்பாக உரியது: வைட்டமின் பி12. தாவர உணவில் இச்சத்து கிடைப்பதில்லை. பாலும் தயிரும் ஓரளவு தருகின்றன. முதுமையில் வயிறு அதை உறிஞ்சும் திறன் குறைகிறது. சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உண்போருக்கும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து உண்போருக்கும் மேலும் குறையும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். அது முற்றினால் நினைவு மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், பார்வை நரம்பும் நலியும். பார்ப்பவர்கள் முதுமை மறதி என்று கைவிட்டுவிடுவார்கள். காலத்தே கண்டால் இது பெரும்பாலும் மீட்கக்கூடிய நிலை. தாமதித்தால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும். இரத்தப் பரிசோதனை ஒன்று போதும். மருந்துக்காக நெறியை விட வேண்டியதில்லை. பி12 நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது, புலாலிலிருந்து எடுக்கப்படுவதில்லை. விலங்குப் பொருளால் ஆன கூடுறை உங்களுக்கு ஒவ்வாதெனில், மாத்திரையாகவோ ஊசியாகவோ தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

நான்காவது, அடிக்கடி கண்ணாடி மாற்றுவோர். கண்ணாடி சரியாக இருந்தும், கண்புரை இல்லாதிருந்தும், வாசிக்கும்போது வரி தவறுகிறது, எதிரில் இருக்கும் பொருளைத் தேடுகிறார், படி இறங்கத் தடுமாறுகிறார் என்றால் கோளாறு கண்ணில் இல்லாமல், பார்த்ததைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதியில் இருக்கலாம். அல்சைமர் நோயின் ஒருவகை இவ்வாறே தொடங்கும். அவர்களை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அறிவும் அருளும்

இறுதியாக, அறிவியலைக் கடந்த செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். உங்களுடையது எல்லாக் குடும்பமும் எல்லாக் குடும்பத்தையும் அறிந்த சிறிய சமூகம். அதுவே உங்கள் வலிமை. அதனாலேயே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. நாளை ஒரு படம் ஒருவரின் வருங்கால நோயைச் சொல்லும் நிலை வந்தால், அச்செய்தி முதலில் யாருக்கு உரியது? அவருக்கே உரியது. தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்பதும், விரும்பவில்லை என்பதும் அவர் உரிமை. அவரைக் கேளாமல் பிள்ளைகளிடம் சொல்வதும், அது திருமணப் பேச்சில் நுழைவதும், சொத்துப் பிரிவினைக்குக் காரணமாவதும் அறமாகாது. முகாமில் எடுக்கும் படங்களையும் பதிவுகளையும் அப்பொறுப்போடு காக்குமாறு அறக்கட்டளையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நோய் ஏற்கெனவே வந்துவிட்டவர்களிடமும் நாம் கற்க வேண்டியது உண்டு. சாவியை யாரோ திருடிவிட்டதாகச் சொல்லும் தாத்தா பொய் சொல்வதில்லை. வைத்த இடம் அவர் நினைவிலிருந்து அழிந்துவிட்டது. கேட்டதையே பத்து முறை கேட்கும் பாட்டி நம்மைச் சோதிக்கவில்லை. பதில் அவர் உள்ளத்தில் தங்கவில்லை. அவரைத் திருத்துவதற்கும் அவரோடு வாதிடுவதற்கும் பதிலாக, பதினொன்றாவது முறையும் அமைதியாகப் பதில் சொல்வதே அவருக்கு மருந்து. வன்சொல்லும் இம்சையே என்பதை அறிந்த உங்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அறக்கட்டளையினருக்கு மூன்று வேண்டுகோள்கள். இம்முகாமை ஆண்டுதோறும் நடத்துங்கள். ஒருமுறை எடுத்த படத்தைவிட, ஆண்டுகள் கடந்து அடுத்தடுத்து எடுத்த படங்களே மாற்றத்தைக் காட்டும். கண்புரை அறுவைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ சென்று திரும்ப வண்டியும் துணைக்கு ஓர் இளைஞரும் ஏற்பாடு செய்யுங்கள். பலர் அறுவைக்கு அஞ்சி நிற்பதில்லை, அழைத்துச் செல்ல ஆளில்லாமல் நிற்கின்றனர். அடுத்த முகாமில் சர்க்கரை, இரத்த அழுத்தத்தோடு பி12 பரிசோதனையையும் சேருங்கள். ஔடத தானம் என்று நீங்கள் போற்றும் அறத்தில் இவை அனைத்தும் அடங்கும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாரம் வீட்டில் உள்ள பெரியவரிடம் நாளிதழைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் மங்கினாலும் அழைத்து வாருங்கள். வாசித்த செய்தியைப் பற்றி அவரோடு சிறிது நேரம் பேசியிருங்கள். பார்வையைச் சோதித்தது போலவும் ஆகும். அவர் நினைவுக்கு நல்ல பயிற்சியும் ஆகும்.